சம்பளம் துபாயில், மனைவி தேவகோட்டையில்

வாசகர் கேள்வி – பதில்

கணவனோ மனைவியோ தன் துணையை வெளிநாட்டுக்கு அழைக்கும்போது, அந்த நாட்டுக்கு வெளியே சம்பாதிக்கும் பணத்தை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று செட்டிநாட்டுப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். தொகைகள் மாறக்கூடியவை என்பதால் ஆண்டையும் சேர்த்தே போட்டிருக்கிறோம். விண்ணப்பிக்கிற வாரத்தில் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர். ஐந்து வருடமாகத் துபாயில் வேலை, மாதம் 16,000 திர்ஹாம். இருவரும் லண்டனில் குடியேறப் பார்க்கிறோம். ஸ்பவுஸ் விசாவுக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு வேண்டும் என்கிறார்கள். அவர் சம்பளம் அதைத் தாண்டுகிறதே, போதாதா? நான் இங்கே பள்ளிக்கூடத்தில் வாங்கும் சம்பளத்தையும் சேர்க்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

போதாது. நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் விண்ணப்பம்கூடத் தள்ளுபடியாவது இந்த இடத்தில்தான்.

2024 ஏப்ரல் 11 முதல் பிரிட்டன் கேட்கும் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு; அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. ஸ்பான்சர், அதாவது துணையை அழைக்கிறவர், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு உங்களோடு சேர்ந்து பிரிட்டன் திரும்புகிறார் என்றால் இரண்டு காலும் ஊன்றியிருக்க வேண்டும். ஒன்று, துபாயில் ஒரே முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதமாக அந்த அளவுச் சம்பளம். இன்னொன்று, பிரிட்டனில் 29,000 பவுண்டுக்குக் குறையாத சம்பளத்தில் உறுதியான வேலை நியமனம். திரும்பிய மூன்று மாதத்துக்குள் அந்த வேலை தொடங்க வேண்டும். துபாய்ச் சம்பளம் இதுவரை வந்ததைக் காட்டுகிறது. லண்டனில் இறங்கிய பிறகு சோறு போடப்போவது எது என்பதற்கு அதில் பதில் இல்லை. பிரிட்டிஷ் அதிகாரி மட்டுமல்ல, கீழே வரும் அமெரிக்க அதிகாரியும் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

காகிதங்கள்: கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே ஆறு மாதத்துக்கான பேங்க் ஸ்டேட்மென்ட், பதவி, சம்பளம், எத்தனை நாளாக வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா என்று சொல்லும் முதலாளியின் கடிதம், வேலை ஒப்பந்தம். சீட்டில் உள்ள தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் திர்ஹாம் திர்ஹாமாகப் பொருந்த வேண்டும். கம்பெனி கடன் பிடித்தமோ முன்பணப் பிடித்தமோ இருந்தால் இரண்டும் ஒட்டாது; அப்போது எதற்காகப் பிடித்தார்கள் என்று முதலாளி கடிதத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். ஸ்டேட்மென்டின் கடைசித் தேதி விண்ணப்ப நாளுக்கு 28 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. தேவகோட்டையில் நீங்கள் காகிதம் திரட்டி முடிப்பதற்குள் துபாய்க் காகிதம் காலாவதியாகிவிடும். ஆகவே திருமணச் சான்று, மொழிபெயர்ப்பு எல்லாம் கைக்கு வந்த பிறகு ஸ்டேட்மென்டைக் கடைசியாக எடுக்கச் சொல்லுங்கள்.

திர்ஹாமை உங்கள் இஷ்டப்படி பவுண்டாக்கிக் காட்ட முடியாது. விண்ணப்ப நாளன்று ஒயாண்டா என்ற நாணய மாற்று இணையதளத்தில் இருக்கும் முடிவு விலையைத்தான் எடுப்பார்கள். உங்கள் கணவருக்கு இடைவெளி தாராளமாக இருக்கிறது. 29,000-ஐ ஒட்டி நிற்கிறவர்கள் மாற்று விலை சரியும் வாரத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

உங்கள் பள்ளிக்கூடச் சம்பளம் கணக்கிலேயே வராது. இந்தியாவில் இருந்துகொண்டு விண்ணப்பிக்கும் துணை இங்கே உழைத்துச் சம்பாதிப்பது சேராது. அதே சமயம் உங்கள் பெயரில் வீட்டு வாடகை, பென்ஷன், டிவிடெண்ட் என்று வந்தால் அவை சேரும். வாடகையைப் பற்றி மூன்றாவது பதிலில் பாருங்கள்.

லண்டன் வேலை கையில் கிடைக்காவிட்டால் இரண்டு வழி. கணவர் முதலில் தனியாகப் போய், அங்கே ஆறு மாதம் வேலை பார்த்து, அந்தச் சீட்டுகளை வைத்து விண்ணப்பிப்பது ஒன்று. பிரிவு கசக்கும், ஆனால் காகிதத்தில் குறை சொல்ல இடமிருக்காது. அடுத்தது சேமிப்பு. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்ட 88,500 பவுண்டு, ஆறு மாதம் உங்கள் கைவசம் இருந்திருக்க வேண்டும். முதல் 16,000-ஐக் கழித்துவிட்டு மீதியை 2.5-ஆல் வகுத்தால் வருவதுதான் ஆண்டு வருமானத்துக்கு ஈடு. 40,000 பவுண்டு இருந்தால் 24,000-ஐ 2.5-ஆல் வகுத்து 9,600. ஆகச் சம்பளம் 19,400 காட்டினால் போதும். 16,000-க்குக் கீழே உள்ள சேமிப்புக்கு மதிப்பு பூஜ்யம்.

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். 2019-இல் ஊருக்குத் திரும்பி ஆத்தங்குடிக் கல் பட்டறை நடத்துகிறேன். இங்கேயே திருமணம். மனைவிக்குப் போட்ட ஐ-130 (உறவினரை அழைக்கும் மனு) ஒப்புதல் ஆகிவிட்டது. இப்போது ஐ-864 (அழைக்கப்படுகிறவரின் செலவைத் தாங்குவேன் என்ற ஸ்பான்சரின் உறுதிமொழிப் படிவம்) கேட்கிறார்கள். பட்டறை வருமானத்தைக் காட்டினால் ஏற்பார்களா? அமெரிக்க வரிக் கணக்கு திரும்பி வந்தபின் தாக்கல் செய்யவில்லை. இங்கே ஆடிட்டர் வருடாவருடம் ரிட்டர்ன் போடுகிறார்.
– வாசகர், புதுவயல்

உங்கள் கடிதத்தில் மூன்று சிக்கல் இருக்கிறது. வரிசைமாற்றி அவிழ்த்தால் இன்னும் இறுகும்.

முதலில் வரி. அமெரிக்கக் குடிமகனும் கிரீன் கார்டு உள்ளவரும் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சொந்தத் தொழில் என்றால் நிகர லாபம் வருடத்துக்கு 400 டாலரைத் தொட்டாலே ரிட்டர்ன் கட்டாயம். இந்தியாவில்தான் வரி கட்டுகிறோமே என்பது விலக்கு ஆகாது. ஐ-864-உடன் கடைசி ஆண்டு ரிட்டர்ன் கட்டாயம் வேண்டும், மூன்று ஆண்டு இருந்தால் நல்லது. தெரியாமல் விட்டவர்களுக்கென்று அமெரிக்க வரித்துறையே ஒரு சீர்திருத்த வழி வைத்திருக்கிறது: மூன்று ஆண்டு ரிட்டர்ன், ஆறு ஆண்டு வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை, வேண்டுமென்றே மறைக்கவில்லை என்ற உறுதிமொழி. வங்கிக் கணக்கு அறிக்கை என்பது, உங்கள் எல்லா இந்தியக் கணக்குகளையும் கூட்டினால் வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தர வேண்டியது. எஃப்.டி.யும் அதில் சேரும். அமெரிக்க வரி தெரிந்த ஆடிட்டரிடம் போங்கள்; உள்ளூர் ஆடிட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது வேறு கடை.

இங்கே ஒரு வினோதம் வரும். வெளிநாட்டில் உழைத்த வருமானத்துக்கு 2555 என்ற படிவத்தில் விலக்கு உண்டு. 2024-ஆம் ஆண்டு வருமானத்துக்கு உச்சவரம்பு 1,26,500 டாலர். அந்த விலக்கை எடுத்ததும் 1040 என்ற அமெரிக்க வருமான வரிப் படிவத்தின் 9-ஆம் வரியில் இருக்கும் மொத்த வருமானம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐ-864 பார்க்கிறவர் கண் போவது அந்த வரிக்குத்தான். 2555-இன் நகலை இணைத்து, விலக்குக்கு முந்தைய தொகை இவ்வளவு என்று ஒரு பத்திக் கடிதம் வைக்க வேண்டும். வருமான வரிக்குத்தான் இந்த விலக்கு. சொந்தத் தொழில் செய்கிறவர் சமூகப் பாதுகாப்புக்குக் கட்டும் 15.3 சதவீதம் தனியாக வந்து நிற்கும், ஏனென்றால் அதை இரட்டையாகக் கட்டாமல் இருக்க இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒப்பந்தம் கிடையாது.

இன்னொரு பொறி உங்கள் இந்திய ரிட்டர்னிலேயே இருக்கலாம். சிறு தொழில்காரர்கள் பலர் 44ஏடி என்ற உத்தேச லாபக் கணக்கில் போடுகிறார்கள். ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம். பட்டறையில் ரொக்கமாக 30 லட்சம் விற்றிருந்தால் காகிதத்தில் லாபம் 2,40,000 ரூபாய். அது மூவாயிரம் டாலருக்கும் கீழே. உண்மையில் எட்டு லட்சம் நின்றிருந்தாலும், இந்தியாவில் ஒரு தொகை, அமெரிக்காவில் ஒரு தொகை என்று இரண்டு ரிட்டர்னும் முறைத்துக்கொண்டு நிற்கும். ஜி.எஸ்.டி. விற்பனைத் தொகையை வருமானம் என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. கேட்பது நிகர லாபம். சிமெண்டுக்கும் மணலுக்கும் கண்ணாடிக்கும் கூலிக்கும் போனது போக நின்றது.

இரண்டாவது, குடியிருப்பு. ஸ்பான்சர் அமெரிக்காவில் நிலையாக வசிக்கிறவர் என்று காட்ட வேண்டும், அல்லது மனைவி இறங்கும் நாளுக்குள் மறுபடி அங்கே குடியேறப்போகிறார் என்று. வார்த்தையில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அங்கே உயிரோடு இருக்கும் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் அல்லது தங்க இடம் தருகிறவரின் கடிதம், வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், கிடைத்தால் நியமனக் கடிதம், பட்டறையை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்ற பத்திரம். இதில் தோற்றால் எவ்வளவு பணம் காட்டியும் பயனில்லை. வேறொருவர் கூட்டு ஸ்பான்சராக வந்தாலும் முதல் ஸ்பான்சராகிய உங்களுக்கு இந்தத் தகுதி இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. பட்டறை வருமானம், நீங்கள் அமெரிக்கா போன பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வரும் என்றால்தான் எடுபடும். நீங்கள் இல்லாவிட்டால் கல் வார்க்க ஆளில்லை என்றால் அந்த வருமானம் விமானம் ஏறும் அன்றே முடிந்தது. தம்பி நடத்த, கூட்டாளிப் பத்திரப்படி உங்கள் பங்கு வங்கி வழியாக வரும் என்று காட்டலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. இதை நம்பி நேர்காணலுக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்வோம். இந்தியாவில் இருந்தபடி அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்கள் நிலை வேறு. அங்கே போன பிறகும் அதே சம்பளம் தொடரும் என்று கம்பெனி கடிதம் கொடுத்தால் அது நல்ல சான்று.

உங்களுக்குச் சரியான வழி கூட்டு ஸ்பான்சர். அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ, 18 வயது நிரம்பியவர். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2025-ஆம் ஆண்டு வறுமைக்கோட்டு அளவுப்படி, இருவர் கொண்ட குடும்பத்துக்கு 125 சதவீதம் என்பது 26,437 டாலர் (அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக). கூட்டு ஸ்பான்சர் தன் குடும்பத் தலைகளோடு உங்கள் மனைவியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அவர், மனைவி, ஒரு பிள்ளை, உங்கள் மனைவி ஆக நான்கு என்றால் 40,187 டாலர். அவர் தனியாக ஒரு ஐ-864, வரித்துறையின் டிரான்ஸ்கிரிப்ட் (தாக்கல் செய்த ரிட்டர்னின் சுருக்கம்), சம்பளச் சீட்டு, குடியுரிமைச் சான்று தர வேண்டும். நீங்களும் உங்கள் ஐ-864-ஐ, வருமானம் பூஜ்யமாக இருந்தாலும், கையெழுத்திட்டுத் தர வேண்டும். அவர் கொடுத்துவிட்டாரே என்று இதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கையெழுத்துக் கேட்கும் முன் அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். உங்கள் மனைவி குடியுரிமை பெறும் வரையோ, 40 காலாண்டு உழைப்புக் கணக்கில் சேரும் வரையோ, நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறும் வரையோ தொடரும். விவாகரத்து ஆனாலும் விடாது. சொல்லாமல் வாங்கிய கையெழுத்து பிறகு பங்காளிச் சண்டையில் போய் முடியும்.

கேள்வி: கணவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். டெக்சாஸில் பகுதிநேர வேலை, வருடம் 15,000 டாலர்தான். என் பக்கம் ஐயா காலத்து வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு, காரைக்குடியில் ஒரு மனை, எஃப்.டி. 12 லட்சம், நகை 100 பவுன் இருக்கிறது. இவற்றை வைத்துச் சரிக்கட்டலாமா? பிரிட்டன் போகும் என் தங்கைக்கும் இதே விவரம் வேண்டும்.
– வாசகி, பள்ளத்தூர்

கட்டலாம். 26,437-இல் 15,000 போக 11,437 குறைகிறது. குடிமகனின் கணவன் அல்லது மனைவி என்றால் குறைவதைப்போல் மூன்று மடங்கு சொத்துக் காட்ட வேண்டும்: 34,311 டாலர். (ஸ்பான்சர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் ஐந்து மடங்கு.) குடியேறப் போகும் உங்கள் சொத்தும் சேரும். 12 மாதத்துக்குள் பெரிய நஷ்டமில்லாமல் பணமாக்க முடிய வேண்டும், அந்தப் பணத்தை நாட்டை விட்டு எடுத்துப்போகச் சட்டம் இடம் தர வேண்டும். உள்நாட்டில் வசிக்கிறவர் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதால் பின்னதில் உங்களுக்குத் தடையில்லை.

எஃப்.டி. முதல் தரம். எப்போது தொடங்கியது, கடைசி ஒரு வருடத்தில் எவ்வளவு போடப்பட்டது, இன்றைய இருப்பு என்ன என்று வங்கிக் கடிதம் வாங்குங்கள். மனைக்குப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் மதிப்பறிக்கை. அடமானக் கடன் இருந்தால் கழித்துக் காட்டுங்கள்.

ஐயா காலத்து வீட்டின் பங்கைத் தயவுசெய்து நம்ப வேண்டாம். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டும் கோடி பெறும். ஆனால் பாகம் பிரியாத வீட்டில் ஒரு பங்கை ஒரு வருடத்தில் விற்றுக் காட்ட முடியுமா? பட்டா இன்னும் ஐயா பெயரில் இருக்கும், பங்காளி ஒருவர் மலேசியாவில் இருப்பார், ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்பார். காகிதத்தில் அதைக் காட்டினால் மற்ற நல்ல சொத்தின் மீதும் சந்தேகம் விழும். நகை எடைச் சான்றைத் துணைக்கு வைக்கலாம், அதன் மேல் கணக்கை நிறுத்தாதீர்கள்.

தங்கைக்கு விதி கடுமை. பிரிட்டனில் பவுண்டுதான் செல்லும், பவுன் செல்லாது. நகையும் மனையும் சேமிப்பு ஆகா. ஆனால் மனையை விற்று, பணம் வங்கியில் விழுந்துவிட்டால், ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே அந்த இடம் அவர் பெயரில் இருந்தது என்று காட்டினால் போதும். பத்திரத்தில் எழுதிய விலையும் வங்கியில் வந்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதியைக் கையில் ரொக்கமாக வாங்கினால் அந்தப் பாதிக்கு விசாக் கணக்கில் முகவரி கிடையாது. மாமனார் கொடுக்கும் அன்பளிப்பு, ஆறு மாதம் தங்கை அல்லது கணவரின் கணக்கில் கட்டுப்பாட்டில் இருந்தால் செல்லும். தேவைப்படும்போது தருவேன் என்று அவர் எழுதும் கடிதம் செல்லாது. கடனாக வாங்கிய தொகையும் செல்லாது.

வாடகை (இதுவும் பிரிட்டன் விதிதான்): விண்ணப்பிக்கிறவர்களே குடியிருக்கும் வீடாக இல்லாமல், 12 மாத வாடகை வங்கியில் வந்திருக்க வேண்டும். கேட்பது உரிமைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், 12 மாத ஸ்டேட்மென்ட். பங்கு வீடு என்றால் தன் பங்குக்கு வரும் வாடகை மட்டும். நம் ஊரில் ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுவோம், அதனால் ஒரு மாதம் காகிதமில்லாமல் நிற்கும்; புதுப்பித்த ஒப்பந்தத்தையும் சேர்த்துத் தர வேண்டும். வீட்டை ஒத்திக்கு விட்டிருந்தால் வாடகையே இல்லை என்று பொருள். கையிலுள்ள ஒத்திப் பணமும் திருப்பித் தர வேண்டிய தொகை, சேமிப்பில் காட்டக் கூடாது.

கேள்வி: கனடாவில் இருக்கும் மருமகன் மகளை அழைக்க மூன்று வருட வருமானம் வேண்டும் என்கிறார் ஏஜெண்ட். உண்மையா?
– வாசகர், கண்டனூர்

இல்லை. அது அப்பா அம்மாவை அழைப்பதற்கான விதி. மனைவிக்குக் குறைந்தபட்ச வருமான வரம்பு பொதுவாகக் கிடையாது. மருமகன் உடல் ஊனம் தவிர வேறு காரணத்துக்காக அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது. மூன்று வருடம் மனைவியின் செலவைப் பார்த்துக்கொள்வேன் என்று உறுதி தர வேண்டும். வேலைக் கடிதமும் வரித்துறையின் மதிப்பீட்டு அறிக்கையும் வைத்தால் போதும். குடியுரிமை இல்லாமல் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) மட்டும் உள்ளவர் கனடாவில் வசித்தபடிதான் அழைக்க முடியும். குடிமகன் வெளியே இருந்தும் அழைக்கலாம், திரும்பிப் போகும் திட்டத்தைக் காட்ட வேண்டும்.

கேள்வி: தாசில்தார் வருமானச் சான்று, ஆடிட்டர் சான்று, நோட்டரி முத்திரை – இவை போதுமா? எங்கள் பெயர்கள் ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கின்றன.
– வாசகி, கோட்டையூர்

இ-சேவை மையத்தில் வாங்கும் வருமானச் சான்று கல்லூரி உதவித்தொகைக்கு உதவும், இதற்கு உதவாது. ஆடிட்டர் சான்றில் யு.டி.ஐ.என். எண் (சான்றை இணையத்தில் சரிபார்க்க உதவும் தனி எண்) இருக்க வேண்டும். அப்போதும் அது ரிட்டர்னுக்கும் ஸ்டேட்மென்டுக்கும் துணைதான். தமிழ்க் காகிதங்களுக்கு நோட்டரி முத்திரை மட்டும் போதாது. மொழிபெயர்த்தவர் தன் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோடு, இது சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதித் தர வேண்டும். அமெரிக்காவுக்கு, இரு மொழியும் தனக்குத் தெரியும் என்ற வரியும் வேண்டும்.

பெயர்தான் நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. வங்கியில் மூன்று எழுத்து விலாசத்தோடு (தலைப்பெழுத்து) பெயர், பாஸ்போர்ட்டில் அதை விரித்த பெயர், பத்திரத்தில் அப்பச்சி பெயருக்கு முன்னால் இன்னொரு எழுத்து. இங்கே யாருக்கும் குழப்பமில்லை. அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மூன்று ஆள். வங்கிப் பெயரைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதே நல்லது, அதுவும் ஸ்டேட்மென்ட் காலம் தொடங்கும் முன். பத்திரத்தை எளிதில் மாற்ற முடியாது என்பதால் அதற்கு மட்டும், எல்லாப் பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் வையுங்கள்.

திருமணத்துக்கு இசைகுடிமானமும் (நகரத்தார் எழுதும் திருமண ஒப்பந்தம்) கோயில் சீட்டும் குடும்பத்துக்குப் பெருமை. விசாவுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றுதான் வேண்டும். வளைகுடாவுக்கு அழைக்கிறவர்கள் கவனிக்க: ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. வெளியுறவு அமைச்சக முத்திரைக்குப் பிறகு அமீரகத் தூதரக முத்திரையும் வாங்கியாக வேண்டும். அப்போஸ்தில் போட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்.